வயலின் இல்லாத பாதாளம்: பெர்னார்ட் ஹெர்மனின் மறந்துபோன ஒரு பின்னணி இசையைக் கேட்க முழுமையான வழிகாட்டி

பெர்னார்ட் ஹெர்மன் என்றதும் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது 'சைக்கோ'. 1960இல் வந்த அந்தப் படத்துக்கு அவர் தந்தி வாத்தியங்களை மட்டுமே வைத்து இசையமைத்தார். ஒரு புல்லாங்குழல் கிடையாது, ஒரு முரசு கிடையாது. குளியலறைக் காட்சியில் கிறீச்சிடும் வயலின்களை, படம் பார்க்காதவர்கள்கூடக் கேட்டிருப்பார்கள்.

அதற்குச் சில மாதங்கள் முன்னால், 1959 டிசம்பரில், அதே ஹெர்மன் இசையமைத்த இன்னொரு படம் திரைக்கு வந்தது: 'ஜர்னி டு தி சென்டர் ஆஃப் தி எர்த்'. அதில் அவர் செய்தது இதற்கு நேர் எதிர். வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ் என்று வில்லால் இழைத்து வாசிக்கும் அத்தனை வாத்தியங்களையும் ஒதுக்கிவிட்டார். காற்று வாத்தியங்கள், பித்தளை வாத்தியங்கள், பெரிய தாள வாத்தியப் படை, பல ஹார்ப்கள், ஐந்து ஆர்கன்கள், கூடவே சர்ப்பென்ட் என்ற பழங்கால ஊதுகருவி. இவ்வளவுதான் அந்தப் பாதாளத்தின் சத்தம்.

'சைக்கோ'வைப் பற்றிப் புத்தகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இந்த இசையைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. கேட்கத் தொடங்கிய பலரும் 'டியூனே இல்லையே' என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பாட்டைத் தேடுகிற காதோடு போனால் இந்த இசை கதவைத் திறக்காது. எந்த வாத்தியம், ஏன் இந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் என்று கேட்டுக்கொண்டே போனால், ஹாலிவுட்டில் எழுதப்பட்ட மிகத் துணிச்சலான பின்னணி இசைகளில் இது ஒன்று என்பது விளங்கும். என் மதிப்பில், 'சைக்கோ'வுக்கு ஒரு படிகூடக் குறைந்ததல்ல.

முதல் படி: படத்தைப் பற்றித் தேவையான அளவு தெரிந்துகொள்ளுங்கள்

ஜூல்ஸ் வெர்ன் 1864இல் எழுதிய நாவல்தான் மூலக்கதை. ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் தயாரிக்க, ஹென்றி லெவின் இயக்கினார். கதை 1880இல் எடின்பரோ நகரில் தொடங்குகிறது. நிலவியல் பேராசிரியர் லிண்டன்புரோக்கின் கைக்கு ஓர் எரிமலைக் குழம்புக் கல் வருகிறது. அதற்குள் ஒரு தூக்குக்குண்டு. பூமியின் மையத்துக்குப் போன ஒருவர் எப்போதோ அனுப்பிய சேதி அது. பேராசிரியராக ஜேம்ஸ் மேசன், மாணவனாகப் பாடகர் பாட் பூன், உடன் செல்லும் பெண்ணாக ஆர்லீன் டால். ஐஸ்லாந்தின் ஒரு மலைவாயில் இறங்கி, கடலில் மூழ்கியதாகப் பழங்கதைகள் சொல்லும் அட்லான்டிஸின் இடிபாடுகளைக் கடந்து, கடைசியில் இத்தாலியின் ஸ்ட்ராம்போலி எரிமலை வழியாக வெளியே வீசப்படுகிறார்கள். குகைக் காட்சிகளில் சில நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் குகைகளில் எடுக்கப்பட்டவை.

இசையைப் பின்தொடர இதற்கு மேல் கதை வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கதையின் பெரும்பகுதி கீழே இறங்குவது, முடிவு ஒரே மூச்சில் மேலே ஏறுவது. இந்த அவரோகணமும் ஆரோகணமும்தான் ஹெர்மனுக்குக் கிடைத்த முழுத் திட்டமும்.

இது ஏன் கவனம் பெறவில்லை?

காரணங்களைத் தெரிந்துகொண்டால் கேட்கும்போது எதைத் தாண்டவேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ஹெர்மன் 1959இல் மட்டும் ஹிட்ச்காக்கின் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' படத்துக்கு இசையமைத்தார், அக்டோபரில் தொடங்கிய 'தி ட்விலைட் ஸோன்' தொலைக்காட்சித் தொடருக்கும் எழுதினார். மறு வருடம் 'சைக்கோ'. இவற்றுக்கு நடுவில் குடும்பத்தோடு பார்க்கிற சாகசப் படம் ஒன்று சிக்கிக்கொண்டது. விமர்சகர்கள் இசையை எடைபோடும்போது பெரும்பாலும் படத்தின் எடையையே பார்க்கிறார்கள்.

அந்த வருட ஆஸ்கரில் இந்தப் படம் கலை இயக்கம், ஒலி, சிறப்புக் காட்சிகள் என மூன்று பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டது. மூன்றையும் 'பென்-ஹர்' தட்டிச் சென்றது. இசைக்கான விருதும் 'பென்-ஹர்' படத்துக்காக மிக்லோஷ் ரோஜாவுக்குப் போனது. ஹெர்மனின் இசை பரிந்துரைப் பட்டியலிலேயே இல்லை.

இன்னொரு காரணம் நடைமுறை சார்ந்தது. ஒரு தேவாலய ஆர்கன், நான்கு மின்னணு ஆர்கன்கள், ஒரு சர்ப்பென்ட் எல்லாவற்றையும் ஒரே மேடையில் கூட்டுவது எந்த இசைக்குழுவுக்கும் எளிதல்ல. 'சைக்கோ'வை எந்தத் தந்தி வாத்தியக் குழுவும் நாளைக்கே வாசிக்கலாம். கச்சேரி மேடையில் ஒலிக்காத இசை மெல்ல மெல்ல நினைவிலிருந்து நழுவும்.

இரண்டாவது படி: கைபேசி ஸ்பீக்கரில் கேட்காதீர்கள்

இதை வெறும் வசதிக்குறிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பூமியின் உட்புறத்தை உணர்த்துவதற்காக, வாத்தியங்களைத் தாழ்ந்த ஸ்தாயியிலேயே வாசிக்கச் செய்ததாக ஹெர்மனே எழுதியிருக்கிறார். அதாவது இந்த இசையின் சாரம் மந்திர ஸ்தாயியிலும் அதற்கும் கீழேயும் இருக்கிறது. ஆர்கனில் 16 அடி நீளமுள்ள குழாயின் அடிச்சுரம் விநாடிக்குச் சுமார் 32 அதிர்வுகள். கான்ட்ரா பஸூன் என்ற பெரிய ஊதுகருவி இறங்கும் கடைசிச் சுரம் 29ஐ ஒட்டி வரும். கைபேசியின் ஸ்பீக்கருக்குச் சில நூறு அதிர்வுகளுக்குக் கீழே பேச வராது.

இதில் ஒரு ஏமாற்று வேலையும் உண்டு. அடிச்சுரம் கேட்காவிட்டாலும் அதன் மேலோசைகளை வைத்து நம் மூளை அந்தச் சுரத்தை ஊகித்துக்கொள்ளும். அதனால் கைபேசியில் கேட்டாலும் 'எல்லாம் கேட்கிறதே' என்றுதான் தோன்றும். சுரம் கிடைக்கும், கனம் கிடைக்காது. இந்த இசையில் கனம் போனால் மிச்சம் அதிகமில்லை.

காதை மூடி உட்காரும் ஹெட்ஃபோன், அல்லது ஓரளவு பெரிய ஸ்பீக்கர் போதும். ஒலியை மிகக் குறைத்து வைக்காதீர்கள், ஏனென்றால் சத்தம் குறையக் குறைய நம் காது முதலில் கைவிடுவது தாழ்ந்த சுரங்களைத்தான். காது வலிக்கும் அளவுக்கும் வேண்டாம். 'பேஸ் பூஸ்ட்' இருந்தால் அணைத்துவிடுங்கள். அது டியூபாவையும் ஆர்கனையும் பஸூனையும் ஒரே உறுமலாக அரைத்துவிடும், நாம் பிரித்துக் கேட்க விரும்புவதே அந்த மூன்றையும்தான்.

மூன்றாவது படி: படத்தை ஒருமுறை முழுதாகப் பாருங்கள்

இசையைக் கவனிக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லாமல், படமாகவே பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஓடும். தொடக்கப் பகுதி நிதானமானது, பயணம் தொடங்கவே நேரமெடுக்கும். பாட் பூனுக்காகச் சேர்த்த பாடல்களும் வரும். அவை ஹெர்மன் எழுதியவை அல்ல, அவற்றை வைத்து இந்த இசையை எடைபோடாதீர்கள்.

நான்காவது படி: மூன்று வகைச் சத்தங்களைப் பிரித்தறியுங்கள்

இந்த வழிகாட்டியின் இதயம் இந்தப் படிதான். நேரம் கொடுத்துப் படியுங்கள்.

வயலின் என்ன செய்யும் என்று முதலில் யோசியுங்கள். வில்லைத் தந்தியில் வைத்து இழுக்கும்போது சுரம் ஒன்றுமில்லாமையிலிருந்து முளைக்கும், நடுவில் பெருக்கலாம், குழைக்கலாம், தேயவிடலாம். மனிதக் குரலுக்கு மிக அருகில் நிற்கும் வாத்தியம் அது. ஒரு முகத்தைத் திரையில் காட்டி, கீழே வயலின்களைப் படரவிட்டால், அந்த ஆள் என்ன நினைக்கிறார் என்று நமக்குச் சொல்லவே வேண்டாம். தமிழ்ப் படங்களில் வளர்ந்த காதுக்கு இது இன்னும் நெருக்கம். தாயும் மகனும் சந்திக்கும் காட்சியில் வயலின் கூட்டம் எழும்பாத படத்தை விரல்விட்டு எண்ணலாம்.

ஹெர்மன் இந்த வாத்தியத்தை எடுத்துவிட்டார். ஹார்ப் இருக்கிறதே, அதுவும் தந்திதானே என்று கேட்கலாம். தந்திதான், ஆனால் மீட்டும் தந்தி. மீட்டிய கணத்தில் சுரம் பிறக்கிறது, அதற்குப் பிறகு தேய்வது மட்டுமே அதன் வேலை. வாசிப்பவர் அதைப் பெருக்க முடியாது. இப்போது மிச்சமிருக்கும் வாத்தியங்களை வைத்துப் பார்த்தால், மூன்றே வகைச் சத்தங்கள்தான் உண்டு.

ஒன்று, மூச்சால் வருபவை. கிளாரினெட், பஸூன், ஹார்ன், ட்ராம்போன், டியூபா. எவ்வளவு நீண்ட சுரமானாலும் ஊதுபவரின் மூச்சு தீரும் இடத்தில் அது முடிந்தாகவேண்டும். உயிருள்ள ஒன்றின் சத்தம் இது.

இரண்டு, தட்டியோ மீட்டியோ வருபவை. ஹார்ப், வைப்ரஃபோன், மணிகள், முரசுகள். பிறந்ததும் சாகத் தொடங்குபவை. வைப்ரஃபோனின் உலோகப் பட்டைகளுக்கு அடியில் குழாய்கள் உண்டு, அவற்றின் வாயில் சிறு தட்டுகளை ஒரு மோட்டார் சுழற்றும். அதனால் அந்தச் சுரம் தேயும்போதே மினுங்கி மினுங்கித் தேயும். குகைச் சுவரில் விளக்கொளி பட்டுச் சிதறுவதுபோன்ற இடங்களில் இதைக் கேளுங்கள்.

மூன்று, ஆர்கன். இதற்கு மூச்சு முட்டாது. விரலோ காலோ கட்டையை அழுத்தியிருக்கும் வரை சுரம் அதே கனத்தில் நிற்கும். கூடாது, குறையாது, களைக்காது. மனித உடலின் அளவுக்குள் அடங்காத ஒரே சத்தம் இந்தப் படத்தில் இதுதான். பேராசிரியரும் கூட்டாளிகளும் எவ்வளவு பேசினாலும் ஓடினாலும் பயந்தாலும், கீழே பூமி தன்பாட்டுக்கு இருக்கிறது. ஹெர்மன் வயலின்களை விலக்கியதன் பலன் இங்கேதான் தெரிகிறது. பூமிக்கு இவர்கள் மேல் அன்பும் இல்லை, கோபமும் இல்லை. வயலின் இருந்திருந்தால் அந்த அலட்சியத்தை அது நெகிழ்த்தியிருக்கும்.

பயிற்சி இதுதான்: இசையை மட்டும் தனியே ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, எந்த நீண்ட சுரத்தைக் கேட்டாலும் 'இது மூச்சா, ஆர்கனா?' என்று கேளுங்கள். தொடக்கத்தில் ட்ராம்போனும் ஆர்கனும் குழப்பும். சுரத்தின் தலையையும் வாலையும் கவனியுங்கள். பித்தளை வாத்தியத்தில் உதடு பிடிக்கும் ஒரு சிறு 'தா' இருக்கும், முடிவில் லேசான தளர்ச்சி இருக்கும். ஆர்கன் திறந்த கதவுபோல வந்து, மூடிய கதவுபோல நிற்கும். இந்த வித்தியாசம் காதில் பதிந்தபிறகு இந்த இசை முழுவதும் இரண்டு தரப்புகளின் உரையாடலாக மாறிவிடும்.

ஐந்தாவது படி: முகப்பு இசையை வரி வரியாகக் கேளுங்கள்

'ப்ரெல்யூட்' என்று பெயரிட்ட முகப்பு இசை மிகச் சிறியது. பெயர்கள் ஓடும் நேரம் மட்டும்தான். ஆனால் படம் முழுவதும் என்ன நடக்கப்போகிறது என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது.

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். அந்தக் கால சாகசப் படங்கள் ஒரு வீர மெட்டோடு தொடங்கும், அந்த மெட்டு நாயகனுடையது. இங்கே மெட்டு என்று முணுமுணுக்க எதுவும் இல்லை. கனமான கார்ட்கள், அதாவது ஒரே நேரத்தில் அடுக்காக ஒலிக்கும் சுரக்கூட்டங்கள், படிப்படியாகக் கீழே இறங்குகின்றன. இவற்றைத் தொடரும்போது மேல் சுரத்தை விட்டுவிட்டு அடிச்சுரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நம் காது பழக்கத்தில் மேலேயே ஓடும். கட்டாயப்படுத்திக் கீழே கொண்டுவரவேண்டும். கர்நாடக சங்கீதம் கேட்கிறவர்களுக்கு, பாடகரை விட்டுவிட்டுத் தம்புராவை மட்டும் கேட்கிற பழக்கம் இருந்தால், இங்கே கைகொடுக்கும்.

'இதற்கு மேல் இறங்க இடமில்லை' என்று தோன்றும்போது, அதற்கும் அடியில் ஆர்கன் வந்து நிற்கும். இசைக்குழுவின் தரைதான் என்று நாம் நினைத்திருந்தது தரை அல்ல, அதற்கும் கீழே ஒரு தளம் இருக்கிறது என்ற உணர்வு. பூமிக்குள் இறங்கும் கதைக்கு இதைவிடத் துல்லியமான அறிமுகம் எனக்குத் தெரியவில்லை. ஒரு குகையையும் காட்டாமல், ஒரு பாத்திரத்தையும் அறிமுகப்படுத்தாமல், ஆழம் என்பதை உடம்பில் உணரவைத்துவிடுகிறார்.

ஹெர்மனின் எழுத்துமுறையையும் இங்கேயே பிடித்துவிடலாம். நீண்ட மெட்டுகளில் அவருக்கு நம்பிக்கை குறைவு. மெட்டு என்று ஒன்றைத் தொடங்கினால் அதை முடித்தாகவேண்டும். காட்சியோ மெட்டு முடியும்வரை காத்திருக்காது. ஆகவே ஓரிரண்டு சுரக்கூட்டங்கள் மட்டுமே கொண்ட சிறு துணுக்குகளை எடுத்து, அவற்றைத் திரும்பத் திரும்ப வைத்து, ஒவ்வொரு முறையும் வாத்தியத்தை மாற்றுவார். சுரம் அதே, நிறம் வேறு. ஹாலிவுட்டில் பெரும்பாலான இசையமைப்பாளர்கள் மெட்டை எழுதி, எந்த வாத்தியம் எதை வாசிக்கவேண்டும் என்ற வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்கள். ஹெர்மன் அந்த வேலையைத் தானே செய்வார். அவருக்கு வாத்தியத் தேர்வு என்பது மெட்டுக்குப் பிறகு வரும் அலங்காரமே அல்ல. அங்கேதான் அவருடைய கற்பனை தொடங்குகிறது.

ஆறாவது படி: மலையுச்சியில் சூரிய உதயம்

ஐஸ்லாந்தில், மலைவாயில் எங்கே இறங்கவேண்டும் என்பதைச் சூரிய உதயத்தின் ஒளிதான் காட்டித்தரவேண்டும். காத்திருக்கிறார்கள். விடிகிறது. அவ்வளவுதான் காட்சி. வசனம் சொல்லி நகர்த்தவேண்டிய தேவை இல்லாததால் இசைக்கு முழு இடமும் கிடைக்கிறது.

மெதுவாக, மங்கலாகத் தொடங்கி, ஒவ்வொரு அடுக்காகச் சேர்ந்து, வெளிச்சம் பெருகப் பெருக ஒலியும் பெருகி, கடைசியில் ஆர்கன் முழு பலத்தோடு திறக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, சத்தம் எங்கே கூடுகிறது என்பதைவிட, அடுக்கு எங்கே சேர்கிறது என்பது. ஒலியளவு கூடுவதும் வாத்தியம் சேர்வதும் வேறு வேறு. ஒரே ஆட்கள் உரக்க வாசிப்பதா, புதிய ஆட்கள் உள்ளே வந்ததா என்று ஒவ்வொரு ஏற்றத்திலும் கேளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. படத்தில் இனி வரப்போவது இருட்டு. நம்மை இருட்டுக்குள் அனுப்புவதற்கு முன் ஹெர்மன் கொடுக்கும் பெருவெளிச்சம் இது. ஆர்கன் இங்கே சூரியனுக்காக ஒலிக்கிறது. இதே ஆர்கன்தான் பின்னால் பாதாளத்துக்காகவும் ஒலிக்கப்போகிறது. சூரியனுக்கும் பூமியின் வயிற்றுக்கும் ஒரே குரலைக் கொடுத்தது என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்தி யோசிக்கவைக்கிறது. இரண்டுமே மனிதனைப் பற்றிக் கவலைப்படாத பெரிய சக்திகள் என்பதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஏழாவது படி: சர்ப்பென்டைப் பிடியுங்கள்

அட்லான்டிஸ் இடிபாடுகளில் ஒரு ராட்சதப் பச்சோந்தி வருகிறது. நிஜப் பல்லி இனத்து உயிரினத்தைப் படமெடுத்துப் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறார்கள். இன்றைய கண்ணுக்கு அதன் அளவை நம்புவது கடினம். காதுக்கு அந்தச் சிரமம் இல்லை, காரணம் சர்ப்பென்ட்.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்ஸில் தோன்றிய வாத்தியம் இது. மரத்தால் செய்து தோல் போர்த்தியது, ஏறக்குறைய எட்டு அடிக் குழாய், கையில் பிடிக்கவேண்டும் என்பதற்காகப் பாம்புபோல வளைத்து வளைத்துச் செய்தது. பெயரும் அதனால்தான். உடல் மரம் என்றாலும் வாய்ப்பகுதி பித்தளை வாத்தியங்களுக்கு உள்ளதுபோலக் கிண்ண வடிவம். உதட்டை அதிரவைத்து ஊதவேண்டும், விரலால் துளைகளை மூடித் திறக்கவேண்டும். தேவாலயங்களில் பாடுபவர்களுக்குக் கீழ்ச்சுரம் பிடித்துத் தருவதுதான் அதன் முதல் வேலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டியூபா வந்ததும் வழக்கொழிந்தது.

அதன் ஒலி டியூபாவைப்போல வட்டமாக இருக்காது. கரகரப்பும் ஈரமும் கலந்த, பாதி மனிதக் குரல், பாதி விலங்கின் உறுமல். சுரம் கொஞ்சம் தடுமாறிக்கொண்டே வரும். துல்லியம் குறைந்த வாத்தியம் என்று இசைக்குழுக்கள் கைவிட்ட அதே குணத்தைத்தான் ஹெர்மன் இங்கே பயன்படுத்தினார். உயிருள்ள மிருகத்தின் சத்தம் சுருதி சுத்தமாகவா இருக்கும்?

இந்தக் காட்சியை இப்படிக் கேளுங்கள்: முதலில் ஒலியை முழுவதும் அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். அந்த உயிரினம் எவ்வளவு பெரிது என்று மனதில் ஒரு மதிப்பீடு செய்யுங்கள். பிறகு படத்தை மூடிவிட்டு இசையை மட்டும் கேட்டு, அதே கேள்வியைக் கேளுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து. கண் சொன்ன அளவுக்கும் காது சொன்ன அளவுக்கும் உள்ள இடைவெளிதான் பின்னணி இசை செய்த வேலை. இதே சோதனையை எந்தப் பழைய படத்திலும் செய்துபார்க்கலாம். ஆனால் இந்தக் காட்சியைப்போல வித்தியாசம் பட்டென்று தெரியும் இடங்கள் அதிகம் இல்லை.

மற்ற இடங்கள், சுருக்கமாக

அட்லான்டிஸ் பகுதியில் ஆர்கன்களும் வைப்ரஃபோனும் ஹார்ப்பும் கலந்து, எது தொடங்கியது எது முடிந்தது என்று சொல்லமுடியாத ஒரு மூட்டம் உருவாகும். இங்கே பிரித்துக் கேட்க முயலவேண்டாம், ஒரு முறையாவது அப்படியே விட்டுவிடுங்கள். உப்புச் சரிவுக் காட்சியின் இசை குறுகியது, விழுவதன் வேகம் மட்டும்தான் அதன் பொருள்.

இறுதியில் எரிமலைக் குழாய் வழியாக மேலே ஏறும் பகுதி முக்கியம். ஒரு பெரிய பலிக் கிண்ணத்தில் அமர்ந்தபடி, கீழிருந்து வரும் அழுத்தத்தால் மேலே தள்ளப்படுகிறார்கள். முகப்பு இசையில் இறங்கியது இங்கே ஏறுகிறது. 'ப்ரெல்யூட்'டையும் இந்தப் பகுதியையும் அடுத்தடுத்து ஓடவிடுங்கள், நடுவில் வேறு எதுவும் வேண்டாம். படம் முழுவதையும் தாங்கி நிற்கும் இரண்டு தூண்களும் அப்போது தெரியும்.

எட்டாவது படி: இரண்டு ஒலிப்பதிவுகளையும் ஒப்பிடுங்கள்

படத்துக்காகப் பதிவுசெய்த அசல் இசை, வரேஸ் சரபான்ட் நிறுவனத்தின் குறுந்தகடாக 1997இல் வந்தது. அதற்கு முன்பே, 1974இல், லண்டனில் நேஷனல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவை வைத்து ஹெர்மன் தானே இதிலிருந்து சில பகுதிகளை மீண்டும் பதிவுசெய்தார். டெக்கா நிறுவனம் அதை அவருடைய வேறு மூன்று படங்களின் இசையோடு சேர்த்து 'தி ஃபேன்டஸி ஃபிலிம் வேர்ல்ட் ஆஃப் பெர்னார்ட் ஹெர்மன்' என்ற தலைப்பில் வெளியிட்டது. மறு வருடம் டிசம்பரில் அவர் காலமானார்.

எதிலிருந்து தொடங்குவது? 1974இல் இருந்து. மைக்குகளை வாத்தியங்களுக்கு வெகு அருகில் வைத்துப் பதிவுசெய்த தொடர் அது, நான்காவது படியில் சொன்ன மூன்று வகைச் சத்தங்களையும் பிரித்தறிய அதைவிட நல்ல பாடநூல் கிடையாது. இடமும் வலமும் தெளிவாகப் பிரிந்து நிற்கும். ஆனால் கடைசிக் காலத்தில் ஹெர்மன் தன் இசையை மெதுவாக நடத்தத் தொடங்கியிருந்தார். சில இடங்களில் அந்த நிதானம் பிரம்மாண்டத்தைக் கூட்டுகிறது, சண்டைக் காட்சியில் அது பதற்றத்தைத் தின்றுவிடுகிறது. ஆகவே காது பழகியதும் 1959க்குப் போங்கள். ஒலி அவ்வளவு பளிச்சென்று இருக்காது. ஆனால் வேகம் காட்சிக்காக அளந்தது, ஒவ்வொரு துணுக்கும் எங்கே வெட்டுப்பட்டு நிற்கிறது என்பதிலேயே காட்சி தெரியும்.

கேட்கும்போது ஒரு தாளில் குறித்துவையுங்கள். பெரிய ஆய்வு வேண்டாம். நிமிடம், வாத்தியம், மூச்சா தட்டலா ஆர்கனா, இறங்குகிறதா ஏறுகிறதா. இவ்வளவு போதும். சில வாரம் கழித்து அதே தாளை வைத்துக்கொண்டு மறுபடி கேட்டால், முதலில் ஆர்கன் என்று எழுதிய சில இடங்கள் ட்ராம்போனாக மாறும்.

அடுத்து என்ன கேட்பது

உடனே 'சைக்கோ'வுக்குப் போகச் சொல்லத் தோன்றும். போங்கள், வயலின்களே இல்லாத உலகத்திலிருந்து தந்தி வாத்தியங்கள் மட்டுமே உள்ள உலகத்துக்கு நேராக நுழைவது ஒரு தனி அதிர்ச்சி. இரண்டுக்கும் அடிப்படையில் இருப்பது ஒரே துணிச்சல்: கையிலிருக்கும் வசதிகளில் பாதியைத் தானாகவே விட்டுக்கொடுப்பது. ஜூல்ஸ் வெர்னிடமே தங்க விரும்பினால் 1961இல் வந்த 'மிஸ்டீரியஸ் ஐலேண்ட்' இருக்கிறது. அங்கே முழு இசைக்குழுவும் திரும்பி வந்துவிடும், ராட்சதத் தேனீக்களும் உண்டு.

நான் பரிந்துரைப்பது இன்னொன்றை. அதே ஃபாக்ஸ் நிறுவனத்துக்காக ஹெர்மன் 1953இல் இசையமைத்த 'பினீத் தி ட்வெல்வ்-மைல் ரீஃப்', ஃப்ளோரிடாக் கடலில் கடற்பஞ்சு எடுக்க மூழ்குபவர்களின் கதை. அங்கே அவர் வைத்தது ஒன்பது ஹார்ப்கள். அதிலும் மனிதர்கள் கீழே இறங்குகிறார்கள், ஆனால் தண்ணீருக்குள். கடலுக்குள் மூழ்கும் காட்சிகளின் இசையைக் கேட்டுவிட்டு, கையோடு 'ஜர்னி'யின் முகப்பு இசையை ஓடவிடுங்கள். தண்ணீர் ஆளைத் தாங்கிக்கொண்டே கீழே விடும், பாறை அப்படி விடாது. ஹார்ப்கள் அலை அலையாக இறங்குவதற்கும் ஆர்கன் கார்ட்கள் படி படியாக இறங்குவதற்கும் நடுவில், அடிச்சுரம் எந்தக் கணத்தில் மிதக்காமல் நிற்கத் தொடங்குகிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.